போன குளிருக்கு அப்புறம் வீட்டில் என்ன மாறியது?

"போன வருஷம் நல்லாத்தானே ஓடுச்சு?"

குளிர் தொடங்கும் முன் ஹீட்டரைச் சரிபார்க்கப் போகும் வீடுகளில் இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரம் கிடையாது. காஸ் ஹீட்டர், பாய்லர், வெந்நீர்த் தொட்டி, விறகுக் கணப்பு இவற்றைச் சுத்தம் செய்து சரிபார்ப்பதுதான் 18 வருடமாக என் பிழைப்பு. அவர்கள் சொல்வது உண்மைதான், ஓடியது. கருவியும் அதேதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் வீடு போன வருடத்து வீடு இல்லை. இடையில் ஒரு கோடை போயிருக்கிறது. இடுக்கு இல்லாத புது ஜன்னல் போட்டிருப்பார்கள், சமையலறையில் பெரிய எக்சாஸ்ட் ஃபேன் வைத்திருப்பார்கள், ஹீட்டர் அறையில் கூரைவரை பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். புகைபோக்கிக்குள் ஏதோ ஒரு பறவை குஞ்சு பொரித்துவிட்டுப் போயிருக்கும். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்குவதற்கு இந்த மாற்றங்களில் ஒன்று போதும்.

அதனால் ஹீட்டர் எப்படி ஓடுகிறது என்று நான் முதலில் கேட்பதில்லை. போன குளிருக்கு அப்புறம் வீட்டில் என்னென்ன மாற்றினீர்கள் என்றுதான் கேட்பேன். நீங்களும் அதே கேள்வியோடு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அரை நாள் போதும். குளிர் வந்த பிறகு செய்யலாம் என்று தள்ளாதீர்கள். அப்போது ஹீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், எங்களைப் போன்ற ஆட்களும் கிடைக்க மாட்டோம்.

வாயுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காஸ், எண்ணெய், விறகு, கரி, பெட்ரோல் என எது எரிந்தாலும், போதிய காற்றோடு எரிந்தால் பெரும்பாலும் கார்பன் டையாக்சைடும் நீராவியும் வரும். காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. "காஸ் லீக் ஆனா நாத்தம் வருமே, தெரிஞ்சிடுமே" என்று பலரும் சொல்வார்கள். அந்த நாற்றம் எரியாத காஸில் வேண்டுமென்றே கலக்கப்படுவது. காஸ் எரியும்போது அதுவும் எரிந்துவிடும். எரிந்தபின் வரும் மோனாக்சைடுக்கு மூக்கு எந்த வகையிலும் உதவாது.

உடம்புக்குள் அது செய்யும் வேலைதான் கொடுமையானது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை எளிதில் விடாது. அதனால் காற்றில் கொஞ்சமே இருந்தாலும், இரவு முழுக்கத் தூங்குகிற ஆளின் ரத்தத்தில் அது மணிக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். வயிற்றில் இருக்கும் குழந்தை, கைக்குழந்தை, வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஆபத்து.

வெளியே இருந்து ஆரம்பியுங்கள்

ஹீட்டரின் புகை எங்கே வெளியேறுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே கண்டுபிடியுங்கள். சில வீடுகளில் கூரைக்கு மேல் புகைபோக்கி இருக்கும். புதிய வகைக் கருவிகளில் சுவரின் பக்கவாட்டில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்று காற்றை இழுக்க, மற்றது புகையைத் தள்ள. அவற்றின் வாயில் இலை, குளவிக்கூடு, கோடையில் தழைத்த செடி எதுவும் அடைத்திருக்கக் கூடாது. பனி கொட்டும் ஊரில் இருந்தால், இந்தக் குழாய்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று இப்போதே பார்த்து வையுங்கள். பனி குவிந்து அவை மூடிக்கொண்டால், வாரி எடுக்க வேண்டிய இடம் இருட்டிலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

செங்கல் புகைபோக்கி என்றால் கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கணப்பின் அடியில் சுள்ளி, இறகு, உதிர்ந்த செங்கல் துண்டு கிடந்தால் மேலே ஏதோ நடந்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்பவரை வரவழைப்பதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். கூரையில் நீங்களே ஏறவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். புகைபோக்கி புகையை மேலே இழுப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளியே இருக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம். கடுங்குளிரில் இழுவை பலமாக இருக்கும். பருவத்தின் தொடக்கத்தில், வெளியே லேசான குளிர் மட்டும் இருக்கும் நாட்களில், அது பலவீனமாக இருக்கும். போன பிப்ரவரியில் ஒழுங்காக மேலே போன புகை, இந்த முதல் வாரத்தில் தயங்கித் தயங்கித்தான் போகும். பாதி அடைபட்ட புகைபோக்கியின் வேஷம் கலைவதும் அப்போதுதான்.

உள்ளே: நெருப்புக்குக் காற்று, புகைக்கு வழி

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், ஹீட்டர் அறைக்குள் போனதும் கருவியைப் பார்க்க மாட்டார். கதவையும் சுவரையும் பார்ப்பார். "நெருப்பு எங்கேயிருந்து மூச்சு விடுது?" என்று கேட்பார். அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்து எரியும் கருவிகளுக்கு, கதவில் பலகை இடுக்குகளோ சுவரில் காற்றுத் துளையோ வைத்திருப்பார்கள். குளிர்காற்று வருகிறது என்று அதை அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்துவிடுகிற வீடுகளை வருடாவருடம் பார்க்கிறேன். அந்தத் துளை சுவரில் விடுபட்ட ஓட்டை இல்லை, நெருப்பின் மூக்கு. அடைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். கருவியைச் சுற்றி அடுக்கிய பெட்டி, பெயின்ட் டப்பா, துணி மூட்டை எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். வழக்கமான சர்வீஸுக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். என் பையில் எப்போதும் மோனாக்சைடு அளக்கும் ஒரு மீட்டரை மாட்டியிருப்பேன். வாசலைத் தாண்டி நடைக்குள் போனதுமே அது கத்த ஆரம்பித்தது. எண் 40-ஐத் தாண்டியிருந்தது, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 40 பங்கு. பி.பி.எம். என்று சொல்வோம். எல்லோரையும் வெளியே அனுப்பினேன், காஸை அடைத்தேன், ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். காற்று மாறி மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தபிறகு வெந்நீர்த் தொட்டியிடம் போனேன். தொட்டியின் தலையில் தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அது மெழுகு போல உருகி ஒரு பக்கம் வழிந்து உறைந்திருந்தது. மேலே போக வேண்டிய சூடான புகை கவிழ்ந்து கீழே கொட்டியிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். பக்கத்தில் புகைக்குழாயின் விளிம்பில் துரு, தொட்டியின் உச்சியில் மங்கிய கரி.

என்ன மாறியது என்று கேட்டேன். கோடையில் வீடு முழுக்கப் புது ஜன்னல்கள், துணி உலர்த்தும் புது மெஷின். அந்த மெஷின் வீட்டுக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. பழைய ஜன்னலின் இடுக்குகள் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காற்று இப்போது வர வழியில்லை. வீடு மூச்சுக்குத் தவித்து, கிடைத்த ஒரே துளையான புகைபோக்கி வழியாகவே காற்றை இழுத்திருக்கிறது. புகையும் கூடவே வந்துவிட்டது. துணி துவைக்கும் நாட்களில் மட்டும் பாட்டிக்குத் தலைவலி வருமாம். வேலை செய்த அலுப்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். உங்கள் வெந்நீர்த் தொட்டியின் தலைக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் கூம்பு போன்ற ஒரு மூடியும், அதைச் சுற்றித் திறந்த இடைவெளியும் இருந்தால் இந்தச் சோதனை உங்களுக்கானது. எல்லா ஜன்னல்களையும் வெளிக்கதவுகளையும் மூடுங்கள். சமையலறை, குளியலறை எக்சாஸ்ட் ஃபேன்கள், துணி உலர்த்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். அப்புறம் வெந்நீர்க் குழாயைத் திறந்து பர்னரைப் பற்ற வையுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, புகையும் ஊதுபத்தி ஒன்றை அந்த இடைவெளிக்கு அருகில் பிடியுங்கள். புகை கூம்புக்குள் இழுபட்டு மேலே போக வேண்டும். தயங்கி நின்றாலோ உங்கள் முகத்துக்கே திரும்பி வந்தாலோ உடனே கருவியை அணையுங்கள், ஜன்னலைத் திறங்கள், தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை அதை ஏற்ற வேண்டாம். சோதனை தேறினால் நல்லதுதான், ஆனால் அது அந்த நாளின் காற்றுக்கும் குளிருக்கும் மட்டுமே சாட்சி.

சுடரையும் பாருங்கள். காஸ் பர்னரின் சுடர் நீலமாக, அசையாமல் நிற்க வேண்டும். மஞ்சளாகச் சோம்பி ஆடினால், பர்னரைச் சுற்றிக் கரி படிந்தால், பைலட் சுடர் (பர்னரைப் பற்ற வைக்க எப்போதும் எரியும் சின்னச் சுடர்) அடிக்கடி அணைந்தால், ஹீட்டர் ஓடும்போது ஜன்னல் கண்ணாடியில் வழக்கத்தைவிட அதிகமாக நீர் கோத்தால் கவனிக்க வேண்டும். அழகுக்காக மஞ்சள் சுடர் வருமாறு செய்த காஸ் கணப்புகள் உண்டு, அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சுடர் நீலமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நிம்மதி அடையவும் வேண்டாம். நீலச் சுடரின் புகையும் வெளியே போகாவிட்டால் அறையின் ஆக்ஸிஜன் குறையும், அப்புறம் அதே சுடர் கெட ஆரம்பிக்கும்.

சர்வீஸுக்கு ஆள் வந்தால் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: புகைக்குழாயில் கருவி செருகி மோனாக்சைடு அளவைப் பார்த்தாரா, எண் என்ன? தூசு தட்டி, ஃபில்டர் மாற்றிவிட்டுப் போவது சுத்தம் செய்த கணக்கு, சரிபார்த்த கணக்கு ஆகாது. காற்றைச் சூடாக்கி வீடு முழுக்க அனுப்பும் வகை ஹீட்டர் என்றால், நெருப்பையும் வீட்டுக் காற்றையும் பிரிக்கும் உலோகச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அளந்த எண்ணைத் தேதியோடு கருவியின் மேலேயே எழுதி ஒட்டச் சொன்னால், அடுத்த வருடம் வருகிறவருக்கு உதவும். நான் கேட்காமலே எழுதிவிடுவேன்.

அலாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாக

பாட்டி இருந்த அந்த வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தது. சமையலறை இழுப்பறையில், பேட்டரி இல்லாமல். "சும்மா சும்மா கீச்சு கீச்சுன்னு கத்துச்சு" என்று கழற்றி வைத்திருக்கிறார்கள். அது கத்தவில்லை, சாகப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறது. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஒற்றைக் கீச்சு வந்தால் பேட்டரி தீர்கிறது அல்லது கருவியின் ஆயுள் முடிந்தது என்று பொருள். பெரும்பாலான கருவிகளில் நான்கு கீச்சு, சின்ன இடைவெளி, மறுபடி நான்கு கீச்சு என்று விடாமல் வந்தால் அதுதான் உண்மையான எச்சரிக்கை. உங்களுடையது எப்படிக் கத்தும் என்று கையேட்டில் ஒருமுறை பார்த்து வீட்டில் எல்லோருக்கும் கேட்கவிடுங்கள், குழந்தைகளுக்கும்தான்.

அலாரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். தயாரித்த தேதியோ மாற்ற வேண்டிய தேதியோ அச்சடித்திருக்கும். உள்ளே இருக்கும் சென்சாரின் ஆயுள் கருவியைப் பொறுத்து 5 முதல் 10 வருடம். அதற்கு மேல் விளக்கு எரியும், பட்டனை அழுத்தினால் சத்தமும் வரும், ஆனால் வாயு வந்தால் தெரியுமா என்பது சந்தேகம். பெரும்பாலான கருவிகளில் அந்தப் பட்டன் ஒலிப்பானையும் மின்சுற்றையும்தான் சோதிக்கிறது, சென்சாரை அல்ல. ஆகவே பட்டன் வேலை செய்கிறது என்பதை வைத்துப் பழைய அலாரத்தைக் காப்பாற்றாதீர்கள்.

எங்கே மாட்டுவது? தூங்கும் அறைகளுக்கு வெளியே, கத்தினால் தூங்குகிறவர் எழுந்திருக்கும் தூரத்தில். மாடி இருந்தால் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று, நிலவறையையும் சேர்த்து. காஸ் கசிவைக் காட்டும் கருவியோடு குழப்பிக்கொண்டு இதையும் தரையோரம் மாட்டச் சொல்பவர்கள் உண்டு. மோனாக்சைடின் எடை கிட்டத்தட்டக் காற்றின் எடைதான், அறை முழுக்கக் கலந்துவிடும். சுவரிலோ கூரையிலோ கையேடு சொல்லும் உயரத்தில் மாட்டலாம். திரைச்சீலைக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி, குளியலறை நீராவியில், அடுப்புக்கு நேர் மேலே மாட்டக் கூடாது.

அலாரம் அமைதியாக இருந்தால் வாயுவே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது பலருக்கும் தெரியாது. அலாரங்கள் அளவையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கத்தும். அமெரிக்கத் தரத்தின்படி செய்தவை 70 பி.பி.எம். இருந்தால் 1 மணி முதல் 4 மணி நேரத்துக்குள்ளும், 400 இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள்ளும் கத்த வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் 50 இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 300 வந்தால் 3 நிமிடத்துக்குள். அந்த வீட்டு நடையில் நான் பார்த்த 40-க்கு இவை இரண்டுமே வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். அதனால்தான் எண் காட்டும் திரை உள்ள அலாரத்தை வாங்கச் சொல்கிறேன். சிலவற்றில் இதுவரை பதிவான உச்ச அளவைக் காட்டும் பட்டனும் உண்டு. ஹீட்டர் ஓடத் தொடங்கிய முதல் வாரம் தினமும் காலையில் அதை அழுத்திப் பாருங்கள். பூஜ்யத்தைத் தவிர வேறு எண் வந்துகொண்டே இருந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

வீட்டில் எரிபொருள் எதுவும் இல்லை, எல்லாம் மின்சாரம் என்பவர்களும் கேளுங்கள். கார் ஷெட் வீட்டோடு ஒட்டியிருந்தாலோ, அடுக்குமாடியில் பக்கத்து வீட்டில் காஸ் ஹீட்டர் ஓடினாலோ உங்களுக்கும் அலாரம் வேண்டும். இந்த வாயு ஜிப்சம் பலகைச் சுவர் வழியாகவே ஊடுருவி வரக்கூடியது.

செய்யவே கூடாதவை

கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சமையல் முடிந்து வெறும் தணலாக இருக்கும்போதுகூட வேண்டாம். புகை இல்லாததால் பத்திரம் என்று தோன்றும், ஆனால் புகையில்லாத கரித்தணல் மோனாக்சைடை ஏராளமாகக் கக்கும். கணப்பில் கங்கு முழுவதும் அணையும் முன் சூடு வீணாகிறது என்று புகைபோக்கியின் தகட்டை மூடிவிட்டுத் தூங்கப் போவதும் அதே ஆபத்துதான். அள்ளிய சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். விறகுத்தூள் உருண்டைகளை மூட்டை மூட்டையாக வாங்கி மூடிய அறையில் குவித்தால், எரியாமலேயே அவை மோனாக்சைடு வெளியிடும். அந்த அறைக்குக் காற்றோட்டம் கொடுங்கள்.

சமையல் அடுப்பையோ ஓவனையோ பற்ற வைத்து வீட்டைச் சூடாக்க வேண்டாம். ஓவனின் அடித்தட்டில் அலுமினியத் தாள் விரிக்கவும் வேண்டாம், காற்று போகும் துளைகளை அது மூடிவிடும். கார் ஷெட்டில் கதவு திறந்திருந்தாலும் எஞ்சினை ஓடவிட்டு நிற்காதீர்கள். சாவி இல்லாமல் பட்டனில் ஓடும் கார் என்றால், இறங்கும்போது எஞ்சின் நின்றதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைவாய் ஜன்னலுக்கு எதிர்ப்புறம் பார்த்து நிற்க வேண்டும். மழையோ பனியோ எது கொட்டினாலும், ஜெனரேட்டரை உள்ளே மட்டும் கொண்டுவராதீர்கள்.

கத்தினால், அல்லது சந்தேகம் வந்தால்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி, குழப்பம். பார்த்தால் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும், ஆனால் உடம்பு சுடாது. வீட்டில் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வந்தால், வெளியே போனால் சரியாகி வீடு திரும்பினால் மறுபடி வந்தால், வளர்க்கும் நாயோ பூனையோ துவண்டு கிடந்தால், அலாரத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பாருங்கள். வெளியே நின்றபடி அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள். போகிற வழியில் கைக்கு எட்டும் ஜன்னலைத் திறந்தால் நல்லதுதான், அதற்காக அறை அறையாகத் திரும்பிப் போகாதீர்கள். இந்த வாயு முதலில் யோசிக்கும் திறனைத்தான் தின்னும். "ரெண்டு நிமிஷத்துல ஹீட்டரை மட்டும் அணைச்சிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனவர் கதவுப்பிடியைக் கண்டுபிடிக்க முடியாமல் விழலாம். உதவிக்கு வந்தவர்கள் அளந்து பார்த்து, இனி போகலாம் என்று சொல்லும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

டாக்டரிடம் "தலைவலி" என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். வீட்டில் காஸ் ஹீட்டர் ஓடுகிறது, கார்பன் மோனாக்சைடு சந்தேகம் இருக்கிறது, ரத்தத்தில் பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர் 98, 99 என்றே காட்டும், அதற்கு ஆக்ஸிஜனையும் இந்த வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வீட்டை விட்டு எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வெறும் காற்றைச் சுவாசித்தாலே ரத்தத்தில் இருக்கும் அளவு 4, 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும், தாமதமாக எடுத்த ரத்தம் நிலைமையைக் குறைத்துக் காட்டும். தேறி வீட்டுக்கு வந்தபிறகும் சில வாரங்கள் கழித்து ஞாபக மறதியோ நடையில் தடுமாற்றமோ தெரிந்தால் மறுபடி டாக்டரிடம் போங்கள்.

அந்தப் பாட்டியை அன்றே பரிசோதனைக்கு அனுப்பினேன், நலமாக இருக்கிறார். தொட்டியின் புகைக்குழாயை மாற்றி, வெளிக்காற்று வர அறைக்குத் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தோம். இந்த வருடச் சர்வீஸுக்குப் போனபோது, நான் வாயைத் திறக்கும் முன் அந்த அம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். போன குளிருக்கு அப்புறம் வீட்டில் மாறியவை என்று மூன்று வரி எழுதியிருந்தார். மூன்றாவது வரி: "நடையில் புது அலாரம், பழையது குப்பைக்குப் போயாச்சு."